மதகுக்கு மேலே ஏறிய மீன்: ஒகனகன் ஏரிகளுக்குச் சாக்கை சால்மன் திரும்பிய விதம்

போனவில் அணையின் மீன் ஏணியில், அதாவது மீன் அணையைத் தாண்டி ஏற வைத்த படிநீர் வழியில், ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. அதன் முன்னால் ஆள் உட்கார்ந்து, ஏறிப்போகும் மீனை இனம் பார்த்து எண்ணுகிறார். 1938-லிருந்து நடக்கும் கணக்கு. அமெரிக்காவின் மேற்கே கொலம்பியா ஆற்றில் கடலிலிருந்து வரும்போது எதிர்ப்படும் முதல் அணை இது. மேலே போக வேண்டிய சால்மன் அநேகமாக எல்லாமே இங்கே இப்படியொரு சன்னலைக் கடந்துதான் ஆக வேண்டும். 1995-ல் ஆண்டு முழுவதும் இங்கே எண்ணிய சாக்கை சால்மன் 10 ஆயிரத்துக்கும் குறைவு. 2008-ல் அது 2 லட்சத்தைத் தாண்டியது. 2014-ல் 6 லட்சத்துக்கும் மேல். 2024-ல் ஏழரை லட்சம்.

இவற்றில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடம் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஒகனகன் பள்ளத்தாக்கு. அங்கே வாழும் சீல்க்ஸ் பழங்குடி மக்கள் தங்கள் சாப்பாட்டுக்கு மீன் வேண்டும் என்று கையில் எடுத்த வேலையை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். "ஏரியில் குஞ்சு விட்டார்கள், மீன் வந்தது" என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. குஞ்சு விடுவதைப் படம் எடுக்கலாம், பள்ளிப் பிள்ளைகள் வாளியோடு நிற்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் என் கணக்கில் இந்தக் கதையின் பெரும் பங்கு மதகைத் திறந்து மூடும் கைக்குத்தான்.

மீனும் ஆறும்

சாக்கை என்ற பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் கண்ணோடு ஏதோ சம்பந்தம் என்று தோன்றும். கிடையாது. ஹல்கோமெலம் என்ற பழங்குடி மொழியில் சிவப்பு மீனைக் குறிக்கும் சொல் ஆங்கிலேயர் வாயில் திரிந்து இப்படி ஆனது. கடலில் வெள்ளி நிறமாக இருக்கும் மீன், முட்டையிடும் நேரத்தில் உடம்பு செக்கச் சிவந்து, தலை பச்சையாகிவிடும்.

மற்ற சால்மன்களிலிருந்து சாக்கையைப் பிரித்துக் காட்டுவது ஏரி. ஆற்றுச் சரளையில் பொரிந்த குஞ்சு உடனே கடலுக்கு ஓடாது. பக்கத்து ஏரியில் இறங்கி, மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று ஒரு வருடம் வளரும். அடுத்த வசந்தத்தில் கடலுக்குக் கிளம்பும். பெரும்பாலும் 2 வருடம் கடலில் இருந்துவிட்டு, பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டுச் செத்துப்போகும். ஆகவே ஏரி கெட்டுவிட்டால் ஆறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாக்கை கிடையாது. ஆறு கெட்டாலும் அப்படித்தான்.

ஒகனகன் பள்ளத்தாக்கில் ஏரிகள் மணி கோத்ததுபோல வரிசையாக இருக்கின்றன. வடக்கே பெரியது ஒகனகன் ஏரி, 130 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் தெற்கு முனையில் பெண்டிக்டன் நகரம், அங்கே ஓர் அணை. அங்கிருந்து ஆறு ஸ்காஹா ஏரிக்கு இறங்கி, வசூ என்ற சின்ன ஏரியைத் தாண்டி, கனடா–அமெரிக்க எல்லை மேலேயே கிடக்கும் ஒசோயூஸ் ஏரியில் விழுகிறது. அதற்கும் தெற்கே வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியாவோடு சேர்கிறது. கடலிலிருந்து இங்கே வர மீன் நீந்தும் தூரம் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். வழியில் கொலம்பியாவின் 9 பெரிய அணைகள். போனவில் முதலாவது, வெல்ஸ் கடைசி.

சீல்க்ஸ் மக்களின் வழக்கில் நான்கு உணவுத் தலைவர்கள் உண்டு: கருங்கரடி, சால்மன், மண்ணுக்குள் விளையும் பிட்டர்ரூட் கிழங்கு, சாஸ்கட்டூன் பெர்ரி. மனிதர்கள் வருமுன்னே இந்த நால்வரும் கூடி, வரப்போகிறவர்களுக்கு எதைச் சாப்பிடக் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள் என்பது கதை. சால்மன் தண்ணீரில் உள்ள எல்லாவற்றுக்கும் தலைவர். அப்படியொரு தலைவர் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் தலைகாட்டாமலே போனால் அவர்களுக்கு அது வெறும் உணவுத் தட்டுப்பாடாக இருக்க முடியாது.

எப்படிப் போனது

ஒரே அடியில் போகவில்லை. 1930-களில் தொடங்கி கொலம்பியாவில் அணைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கிராண்ட் கூலி அணைக்கு மீன் ஏணியே வைக்கவில்லை. அதற்கு மேலே இருந்த நூற்றுக்கணக்கான மைல் ஆறு சால்மனுக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த அணைக்கு மேலே, பழங்குடிகள் கூடி மீன் பிடித்த கெட்டில் அருவி நீருக்குள் மூழ்கப் போகிறது என்று தெரிந்ததும், 1940 ஜூனில் பல பழங்குடிகள் அங்கே கூடி அழுது விடைகொடுத்தார்கள். "கண்ணீர்ச் சடங்கு" என்றே அதற்குப் பெயர். ஒகனகன் ஆறு கொலம்பியாவில் சேரும் இடம் அந்த அணைக்குக் கீழே இருந்தது. அந்தப் பூகோள அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆற்றுக்குள்ளே நடந்தது வேறு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்ற ஆலிவர் ஊர்ப்பக்கம் ஒரு பாசனத் திட்டம் போட்டார்கள். அதற்காக வசூ ஏரிக்குக் கீழே வந்தது மெக்கின்டயர் அணை. இன்றைக்கு அந்தப் பக்கம் பழத்தோட்டமும் திராட்சைத் தோட்டமுமாக இருப்பது அந்த வாய்க்கால் தண்ணீரால்தான். மீனுக்கோ ஆறு அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் 1940-களின் வெள்ளங்கள். அவற்றைத் தடுக்க 1950-களில் ஆற்றை நேராக்கி, இரண்டு பக்கமும் கரை எழுப்பி, வாய்க்கால் மாதிரி ஆக்கிவிட்டார்கள். வளைவு போனது, வளைவில் தங்கும் சரளையும் போனது. சீல்க்ஸ் மக்கள் காலம்காலமாக மீன் பிடித்த ஒகனகன் அருவியும் ஸ்காஹா ஏரியின் வாய் அணைக்குள் போய்விட்டது.

மிச்சம் இருந்தது ஒசோயூஸ் ஏரியும், மெக்கின்டயருக்குக் கீழே ஒரு துண்டு நல்ல ஆறும்.

சட்டம் திறந்த வழி

1990-ல் ஸ்பாரோ வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு வரிசையைச் சொன்னது. முதலில் மீன் வளத்தைக் காப்பது. அதற்கு அடுத்தபடியாக, வணிக மீன்பிடிக்கும் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கும் முன்னால், பழங்குடிகளின் உணவு, சமூக, சடங்குத் தேவை. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் ஆற்றில் மீனே இல்லாதபோது முதல் பந்தியில் இடம் கிடைத்து என்ன செய்ய?

சீல்க்ஸ் சமூகங்களின் கூட்டமைப்பான ஒகனகன் நேஷன் அலையன்ஸ், எல்லைக்கு அந்தப் பக்கம் கால்வில் பழங்குடிகளோடு சேர்ந்து, மீனை மேல் ஏரிகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நின்றது. எதிர்ப்பு வந்தது. அதை வெறும் முட்டுக்கட்டை என்று ஒதுக்க முடியாது. மேல் ஏரிகளில் கோகனி என்ற மீன் இருக்கிறது. சாக்கையும் கோகனியும் ஒரே இனம். கோகனி கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் கிளை. இரண்டும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடும். ஏற்கெனவே 1966-ல் கோகனிக்குத் தீனியாகட்டும் என்று ஒகனகன் ஏரியில் மைசிஸ் என்ற சின்ன இறால் வகையை விட்டு, அது கோகனிக்கு இரையாவதற்குப் பதில் கோகனியின் இரையையே தின்று பெருத்த அனுபவம் இருந்தது. 1995-ல் ஒகனகன் ஏரியில் கோகனி மீன்பிடியையே மூடும் நிலை. நல்லெண்ணத்தோடு ஏரியில் எதையோ விட்டுக் கெடுத்த ஊர், இன்னொரு முறை விட யோசிக்கத்தானே செய்யும். நோய் வருமா, கீழ் ஏரியின் அந்நிய மீன்கள் சேர்ந்து மேலே ஏறுமா என்ற கேள்விகளும் இருந்தன.

அதனால் பெரிய ஏரியை விட்டுவிட்டு, சின்னதான ஸ்காஹாவைச் சோதனைக்கு எடுத்தார்கள். 2000 முதல் 3 வருடம் ஆபத்து மதிப்பீடு: நோய், அந்நிய மீன், வாழிடம், கோகனியோடு போட்டி. அது முடிந்த பிறகே 12 வருடச் சோதனைத் திட்டம். 2004-ல் முதல் குஞ்சுகள் ஸ்காஹாவுக்குப் போயின. ஒரு விஷயத்தை நிறைய யோசித்துச் செய்தார்கள் என்று சொல்லக்கூடிய இடம் இது. 12 வருடம் என்பது சாக்கைக்கு மூன்று தலைமுறை.

மதகடியில் நடந்தது

இதே காலத்தில் பெண்டிக்டனில் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. ஒகனகன் ஏரி அணையை இயக்குவது மாகாண அரசின் ஆள். அவர் நிலையில் நின்று பார்க்க வேண்டும்.

அக்டோபரில் சாக்கை ஆற்றில் முட்டையிடுகிறது. பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் சரளையை அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே சரளையைத் தள்ளி மூடும். அந்த வாரம் ஆற்றில் தண்ணீர் அதிகமாக ஓடினால், மீன் கரையோரம் வரை போய்க் குழி பறிக்கும். டிசம்பரில் மதகை இறக்கித் தண்ணீரைக் குறைத்தால், ஓரத்துக் குழிகள் வெளியே தெரிந்து, காய்ந்து, உறைந்துபோகும். சரி, குறைக்காமல் விடலாம் என்றால், மலையில் பனி குவிந்துகொண்டிருக்கிறது. வசந்தத்தில் அது உருகி வருமுன் ஏரியில் இடம் பண்ணி வைக்காவிட்டால் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் போகும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் நிறையத் திறந்துவிடத் தோன்றும். அப்படித் திறந்தால் வேகத்தில் சரளை புரண்டு, பொரிந்தும் பொரியாமலும் உள்ளே கிடக்கும் குஞ்சுகள் அடித்துக்கொண்டு போகும். இன்னொரு பக்கம், கோகனியில் ஒரு பகுதி ஏரிக்கரைக் கற்களில் முட்டையிடுகிறது. ஏரி மட்டம் சட்டென இறங்கினால் அந்த முட்டை காயும். ஆற்றுக் குஞ்சைக் காப்பாற்றினால் ஏரிக் குஞ்சு போகிறது. இரண்டையும் பார்த்தால் ஊருக்குள் வெள்ளம் வருகிறது.

மீனுக்கு எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று 1970-களிலேயே அரசுகள் கூடி எழுதிவைத்திருந்தன. பல வருடங்களில் அது காகிதத்தோடு நின்றது. அணையை இயக்கியவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இன்று காலை மதகை ஒரு கை அளவு திறந்தால், சரளைக்குள் கிடக்கும் முட்டைக்கு மூன்று மாதம் கழித்து என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

2000-களின் தொடக்கத்தில் அதைச் சொல்ல ஒரு கணினிக் கருவி செய்தார்கள். மத்திய மீன்வளத் துறை விஞ்ஞானி கிம் ஹையட்டின் பங்கு இதில் பெரியது. மாகாண அரசு, ஒகனகன் நேஷன் அலையன்ஸ், அமெரிக்கப் பக்கம் வெல்ஸ் அணையை வைத்திருக்கும் டக்ளஸ் மாவட்ட மின் வாரியம் எல்லாரும் சேர்ந்த வேலை. மலைப்பனி எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு வரத்து இருக்கும், ஆற்று நீரின் வெப்பம் என்ன என்று கொடுத்தால், எந்தத் தேதியில் முட்டை பொரியும், எப்போது குஞ்சு சரளையை விட்டு எழும், இப்படித் திறந்தால் எத்தனை பங்கு சாகும் என்று காட்டும். குஞ்சு எழுந்து ஏரிக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாளே மதகைத் தாராளமாகத் திறக்கலாம். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்றால் பொறுக்கலாம். எல்லாருக்கும் ஒரே திரை, ஒரே எண்கள். சண்டை நின்றதாகச் சொல்ல மாட்டேன். எதைப் பற்றிச் சண்டை என்பது தெளிவானது.

இந்தக் கருவி ஒசோயூஸ் ஏரிக்கும் உதவியது. கோடை முடிவில் அந்த ஏரியில் குஞ்சு மாட்டிக்கொள்ளும். மேல் நீர் 17 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். குளிர்ச்சிக்காகக் கீழே போனால், அடியில் அழுகும் பாசி பிராணவாயுவைத் தின்றுவிட்டிருக்கும். நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு நீர்தான் வாழத் தகுந்தது. கெட்ட வருடத்தில் அதுவும் இல்லாமல் போகும். அந்த நேரம் பார்த்து மேலிருந்து கூடுதல் தண்ணீர் விட்டால் நெருக்கடி கொஞ்சம் தளரும். எப்போது விட வேண்டும், அதற்கு ஏரியில் தண்ணீர் மிச்சம் இருக்குமா என்பதை வசந்தத்திலேயே கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

ஷட்டர் மாற்றிய கதை

மெக்கின்டயர் அணையின் கதை இதைவிட எளிது. நம் ஊர்க் கண்மாயில் கலிங்கு பாயும்போது புதுத் தண்ணிக்கு மீன் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அங்கே இருந்தவை தூக்கும் ஷட்டர்கள். ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் அடியில் பீறிட்டு வரும். அந்த வேகத்தை எதிர்த்து எந்த மீனும் உள்ளே போக முடியாது. 2009-ல் அவற்றை மாற்றி, தண்ணீர் மேல் விளிம்பில் வழிந்து விழும்படியான கதவுகளைப் பொருத்தினார்கள். கீழே ஆழமான நீர், மேலே வழியும் நீர். சால்மன் கீழே நின்று பார்த்து, வாலை உதறித் தாவி, ஏறிப் போய்விட்டது. பாசனத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. பல பத்தாண்டு மூடியிருந்த ஆறு ஒரு கதவின் திசையால் திறந்தது.

அதே காலத்தில் ஆலிவருக்கு வடக்கே கரையைப் பின்னுக்குத் தள்ளி, வெட்டி ஒதுக்கிய பழைய வளைவை ஆற்றோடு மறுபடி சேர்த்தார்கள். ஸ்காஹா வாயிலும் மீன் ஏறும் வழி பிறகு சரியானது. பெண்டிக்டன் வாய்க்காலில் முட்டையிடச் சரளை கொட்டினார்கள்.

பொரிப்பகமும் பணமும்

2014 செப்டம்பரில் பெண்டிக்டன் பழங்குடி நிலத்தில் பொரிப்பகம் திறந்தது. சீல்க்ஸ் மொழியில் அதன் பெயருக்குத் "திரும்பி வரச் செய்வது" என்று பொருள். 80 லட்சம் முட்டை வரை கொள்ளும் கட்டடம். தொடக்கத்தில் 50 லட்சத்துக்குத்தான் சாதனங்கள் வைத்தார்கள். பணம் பெரும்பாலும் அமெரிக்க மின் வாரியங்களுடையது: கிராண்ட் மாவட்டம், செலான் மாவட்டம். இதில் தர்மசிந்தனை ஏதும் இல்லை. அவர்களுடைய அணைகளைக் கடக்கும்போது சாகும் சால்மனுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று அவர்களுக்குக் கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஈட்டை வாஷிங்டனில் செய்வதைவிட எல்லை தாண்டி ஒகனகனில் செய்தால் மீன் அதிகம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். மின்சாரம் ஒரு நாட்டில், குஞ்சு இன்னொரு நாட்டில்.

பிடித்த மீன் முதலில் சமூகங்களுக்குள் பங்கிடப்படுகிறது. அதற்கு மேல் மீன் வந்த வருடங்களில்தான் ஒசோயூஸ் ஏரியில் விற்பனைக்கும் தூண்டில்காரர்களுக்கும் அனுமதி. ஸ்பாரோ வழக்கு சொன்ன வரிசை, சாப்பாட்டுத் தட்டில் இப்படித்தான் வந்து இறங்கியது. செப்டம்பர் வாக்கில் ஒகனகன் அருவியில் சால்மன் விருந்து நடக்கிறது. அருவி இருந்த இடத்தில் அணை நிற்கிறது, விருந்து அங்கேயேதான்.

21 டிகிரி

இனி சங்கடமான பகுதி. ஒகனகன் ஆறு கொலம்பியாவில் சேரும் வாயில், ஜூலையில் ஆற்று நீர் 21 டிகிரியைத் தாண்டினால் சாக்கை உள்ளே நுழையாது. வெல்ஸ் அணைக்கு மேலே, குளிர்ந்த கொலம்பியாவில் கூட்டமாகக் காத்து நிற்கும். ஒரு மழை, நாலு நாள் குளிர் கிடைத்தால் மொத்தமாக ஏறும். கிடைக்காவிட்டால் நின்றபடியே நோய் பிடித்துச் சாகும். 2015-ல் போனவில் சன்னலில் 5 லட்சத்துக்கும் மேல் எண்ணினார்கள். அந்த வருடம் கொலம்பியாவே சூடாகிவிட்டது. இரண்டரை லட்சம் சாக்கை வரை வழியிலேயே செத்திருக்கும் என்று அதிகாரிகள் அந்த ஜூலையிலேயே சொன்னார்கள். ஒகனகனில் முட்டையிடும் சரளை வரை வந்து சேர்ந்தவை மிகக் கொஞ்சம். 2024-ன் சாதனை எண்ணிக்கைக்குப் பின்னாலும் ஆற்றுவாயில் இதே வெப்பத் தடை இருந்தது. போனவில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்கிறவர்கள் இன்னும் 8 அணை, ஓர் ஆற்றுவாய் பாக்கி இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கை ஏறியதில் கடலின் பங்கும் உண்டு. அணைகளில் குஞ்சு இறங்க வழிந்தோட விடும் தண்ணீருக்கும் பங்கு உண்டு. பெண்டிக்டன் மதகுக்கு எவ்வளவு, பொரிப்பகத்துக்கு எவ்வளவு என்று ரூபாய் அணா பைசாவாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் 2008-ல் எண்ணிக்கை எகிறியபோது இந்தப் பொரிப்பகம் கட்டப்படவே இல்லை, மெக்கின்டயர் திறக்கவும் இல்லை. ஸ்காஹாவில் சில வருடமாகக் குஞ்சு விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த மீன்களில் பெரும்பாலானவை பழைய துண்டு ஆற்றில், ஒழுங்காகத் திறந்துவிட்ட தண்ணீரில் பிறந்தவையாகத்தான் இருக்க வேண்டும். நான் மதகுப் பக்கம் சாய்வது அதனால்.

குஞ்சு விடுவதை நிறுத்தினாலும் மீன் வருமா என்பதற்கு விடை தேடும் வேலை ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கிறது. கத்தாழை மீன் தலையில் கல் இருப்பது நம் மீன் மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும். சால்மனுக்கும் உண்டு, ஆனால் பொடி. பொரிப்பகத்தில் முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது தண்ணீரின் வெப்பத்தைத் திட்டமிட்டு மாற்றி மாற்றி வைப்பார்கள். அந்த மாற்றம் கல்லில் வரிவரியாகப் பதிந்துவிடும். நாலு வருடம் கழித்து, கடலெல்லாம் சுற்றித் திரும்பி, முட்டையிட்டுக் கரை ஒதுங்கிய மீனின் தலையை அறுத்து, இடுக்கியால் அந்தக் கல்லை எடுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். வரி இருந்தால் பொரிப்பகத்து மீன். வரி இல்லாத கல் கிடைத்தால், அது ஆறே பெற்ற பிள்ளை.